பூட்டிய பேழையைத் திறந்தவர்

(நூலகர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூல் என்னும் சொல்லைத் தமிழர் இருபொருளில் வழங்கினர். நெய்தற்குரிய இழையும் நூல். ஓதுதற்குரிய ஏடும் நூல். தச்சன் நூலிட்டு மரத்தின் கோணலை அறிந்து நீக்குகின்றான். அதுபோல மாந்தர் உள்ளத்துக் கோணலை நீக்குவது ஏடாகிய நூல் என்று பவணந்தியார் நன்னூலில் விளக்கினார். உவமை அழகியது, பொருளும் ஆழமானது. ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. பரணிலே சுருட்டி வைக்கப்பட்ட நூலால் எந்த மரத்தின் கோணல் நீங்கும்? பேழையிலே பூட்டி வைக்கப்பட்ட ஏட்டால் எவர் உள்ளத்தின் கோணல் நீங்கும்?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்டவர் ஒருவர் உண்டு. கேட்டதோடு அமையாமல் விடையும் கண்டவர். கண்ட விடையைக் கட்டடமாகவும் சட்டமாகவும் கல்வித்துறையாகவும் ஆக்கிக் காட்டியவர். சோழநாட்டுச் சீர்காழி ஈன்ற அம்மகனார், நூலகவியலின் தந்தை என்று இந்தியா முழுதும் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனார். ஆண்டுதோறும் நூலகர் நாளாகக் கொண்டாடப்படும் ஆகசுட்டு 12, அவர் பிறந்தநாளை நினைவூட்டுவதே. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்னும் மறையவில்லை.

1892-ஆம் ஆண்டில் பிறந்த அரங்கநாதனார், ஆறு அகவை நிரம்பிய அளவில் தந்தையை இழந்தார். சீர்காழியிலே பள்ளிக்கல்வி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே உயர்கல்வி. 1916-இல் கணக்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் எட்வர்டு இராசு என்னும் கணக்குப் பேராசிரியர். அந்த ஆசிரியர் மாணவர் உறவு கல்லூரி வாயிலோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கணக்காசிரியராக வாழ்ந்து முடிப்பதே அவர் விருப்பம். மங்களூரிலும் கோவையிலும் சென்னையிலும் அரசுக் கல்லூரிகளில் கணக்குக் கற்பித்தார். இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவருக்குத் திக்குவாய் இருந்தது. நாவன்மையே கருவியாக உள்ள ஆசிரியத் தொழிலில் நா தடுமாறுவோன் படும் துன்பம், பட்டவர்க்கே தெரியும். அத்தடையை அவர் நாளடைவில் வென்றார். சொல்லைத் தேடித் துன்புற்ற ஒருவரே பிற்காலத்தில், நூலைத் தேடித் துன்புறுவோர்க்குத் துணையானார்.

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பணியொன்றை ஏற்படுத்தியது. ஏறத்தாழ 900 பேர் அப்பணிக்கு விண்ணப்பித்தனர். அவருள் ஒருவர்க்கேனும் நூலகப் பயிற்சி இல்லை. அரங்கநாதனார்க்கும் இல்லை. நேர்காணலுக்குச் சில நாட்கள் முன்பு பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையே நூலகம் பற்றி அவர் அறிந்த அனைத்தும்! ஆயினும் கணக்கியல் வரலாற்றில் அவர் எழுதிய ஆய்வுரைகள் தேர்வுக் குழுவினர்க்கு நிறைவளித்தன. 1924 சனவரியில் அவர் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

பின்னர் நடந்ததைக் கேட்டால் இன்று நகைப்புத் தோன்றும். நூலகவியலின் தந்தை எனப் பெயர் பெறவிருந்தவர்க்கு நூலகமே பிடிக்கவில்லை! மாணவர் முகம் பார்த்துப் பழகியவர்க்கு ஆளரவமற்ற அத்தனிமை பொறுக்கவொண்ணாததாயிற்று. சில கிழமைகளிலேயே மேலிடத்தாரிடம் சென்று, மீண்டும் கணக்காசிரியர் பணியே வேண்டும் என வேண்டி நின்றார். அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தனர்: இலண்டன் சென்று நூலகத்துறை பயின்று வருக, அதன்பின்னும் விருப்பமில்லையாயின் பழைய பணிக்கே திரும்புக.

நூலகம் ஏன் அவருக்குக் கசந்தது? நூல்கள் இருந்தன, படிப்பவர் இல்லை. இதுவே உண்மை. படிப்பவர் இல்லாத நூலகம் அவருக்குச் சிறைபோல் தோன்றியதில் வியப்பென்ன?

மணிமேகலைக் காப்பியம் ஆபுத்திரன் கதையைக் கூறுகின்றது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. ஆனால் அவனைக் கலத்தில் கொண்டு சென்றோர் மக்கள் வழக்கற்ற மணிபல்லவத் தீவில் தனியே விட்டுச் சென்றனர். உண்போர் ஒருவருமில்லாத இடத்தில் ஊட்டும் கலம் எதற்கு? தன் ஒருவன் வயிற்றை மட்டும் அதனால் நிரப்ப விரும்பாமல், அக்கலத்தைப் பொய்கையிலே விட்டுத் தான் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான் என்பது கதை. படிப்பவரற்ற நூலகம் மணிபல்லவத்து அமுதசுரபி. அதன் நடுவே அமர்ந்திருந்த இளைஞர் அரங்கநாதனார் உள்ளம் வெதும்பியதும் அவ்வாறே. ஆனால் அவர் கலத்தைப் பொய்கையில் விடவில்லை. உண்போரைத் தேடிப் புறப்பட்டார்.

இலண்டனிலே பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றார். பெர்விக் சேயர்சு என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் வாய்த்தார். சேயர்சு நூலகராக விளங்கிய குரோய்டன் நகர நூலகத்திலும் பயிற்சி பெற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்று கண்டார். அங்கே அவர் கண்டவை நூலடுக்குகள் மட்டுமல்ல. தொழிலாளர் வந்தனர்; பெண்டிர் வந்தனர்; குழந்தைகளும் வந்தனர். நூலகம் புலவர்க்கு மட்டும் உரிய கோட்டையன்று; ஊரார் அனைவர்க்கும் உரிய உடைமை என்பதை அவர் கண்கூடாகக் கண்டார். வள்ளுவர் ஒப்புரவாளன் செல்வத்துக்கு ஊருணியை உவமையாகச் சொன்னாரே, அவ்வூருணியே அவர் கண்முன் நூலக வடிவில் நின்றது. உள்ளத்தில் ஒரு கதவு திறந்தது. கப்பலில் தாயகம் திரும்பும்போதே அக்கப்பலில் இருந்த நூல்களைத் தாம் எண்ணிய புதுமுறைப்படி வகைப்படுத்தி வைத்தார் என்பர். 1925-இல் சென்னையில் வந்திறங்கியவர் கணக்காசிரியர் பணியைக் கேட்கவேயில்லை!

அவையோரே, அக்காலத்து நூலகங்களில் நூல்கள் எவ்வாறு இருந்தன? அடுக்குகள் உள்ளே, படிப்பவர் வெளியே, நடுவே ஒரு தடுப்பு. வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்து காத்திருத்தல் வேண்டும். பெயரே தெரியாத நூலை எவ்வாறு கேட்பது? மேலைநாட்டிலே இடைக்காலத்தில் நூல்களை இருப்புச் சங்கிலியால் அடுக்குகளோடு பிணைத்து வைத்திருந்தனர். நம் நாட்டிலோ சங்கிலி இல்லை; ஆனால் பேழையும் பூட்டும் இருந்தன. தலைமுறை தலைமுறையாகச் சுவடிகளைத் தாமும் படியாமல் பிறர்க்கும் தாராமல் காத்த குடும்பங்கள் எத்தனை! அவற்றுள் செல்லுக்கு இரையானவை எத்தனை! ஆற்றுப் பெருக்கிலே விடப்பட்டவை எத்தனை! சி. வை. தாமோதரனாரும் உ. வே. சாமிநாதரும் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்திராவிடில் இன்று கலித்தொகை ஏது? சிலம்பு ஏது? புறநானூறு ஏது? தமிழின் இழப்பிற்குப் பகைவரை மட்டுமே காரணம் காட்டுதல் முழுமையாகாது. பூட்டியவரும் நம்மவரே.

அரங்கநாதனார் அப்பூட்டைத் திறந்தார். அடுக்குகளுக்கு நடுவே படிப்பவர் தாமே சென்று, தாமே எடுத்து, தாமே புரட்டிப் பார்க்கும் திறந்த முறையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஏற்படுத்தினார். நூல்கள் களவு போகுமே என்று அஞ்சுவோர் எக்காலத்தும் உண்டு. சில நூல்கள் போகலாம். ஆனால் பூட்டி வைத்தால் எல்லா நூல்களும் போனவற்றோடு ஒக்கும் என்பதே அவர் நெறி. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருவோரை வரவேற்று, வேண்டுவதைக் கேட்டறிந்து, உடன் சென்று நூலைக் காட்டித் தருவதை நூலகரின் கடமையாக்கினார். ஒருநாளைக்குப் பதின்மூன்று மணிநேரம், கிழமைக்கு ஏழுநாள் என உழைத்தார். 1928-இல் தம் திருமணம் முடிந்த அன்று பிற்பகலே பணிக்குத் திரும்பினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவான செய்தி. 1936-இல் பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கத்திலே தனக்கெனக் கட்டடம் பெற்றது.

இவ்வளவு உழைப்பிற்கும் அடிப்படையான கொள்கை யாது? அவர் உள்ளத்தில் அது பல ஆண்டுகள் உருவின்றிச் சுழன்றது. இயற்பியலுக்கு நெறிகள் உள்ளன, கணக்கியலுக்கு உள்ளன, நூலகத்திற்கு நெறி யாது? 1928-இல் தம் பழைய ஆசிரியர் இராசு அவர்களிடம் இக்குழப்பத்தை விரித்துரைத்தார். மாணவர் சொன்னவற்றையெல்லாம் கேட்ட ஆசிரியர், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதானே உன் முதல் நெறி என்று ஒரே தொடரில் திரட்டித் தந்தார். ஆசிரியர் வாயிலிருந்து பிறந்த அவ்வொரு தொடர் முடிச்சை அவிழ்த்தது. ஏனைய நெறிகள் தாமே வந்து வரிசைப்பட்டன. 1931-இல் அவை நூலாக வெளிவந்தன. உலகம் முழுதும் இன்று நூலகவியல் பயில்வோர் முதற்பாடமாக ஓதும் ஐந்நெறிகள் இவை:

நூல்கள் பயன்படுத்துவதற்கே.
படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல்.
நூல் ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய படிப்பவர்.
படிப்பவரின் நேரத்தைக் காத்திடுக.
நூலகம் ஒரு வளரும் உயிர்.

எவ்வளவு எளியவை! ஒரு சிறுவனுக்கும் விளங்கும். ஆனால் இவற்றுள் எங்கேனும் நூலைப் போற்றுக, நூலை வணங்குக என்று உள்ளதா? இல்லை. நெறிகளின் நடுவே நிற்பவர் படிப்பவர். நூலை நேசிப்போர் பலர் உளர். படிப்பவரை நேசித்தவர் அரங்கநாதனார். அவருடைய அருளுள்ளம் வெளிப்படும் இடம் இதுவே. காத்திருக்கும் ஏழை மாணவனின் அரைமணி நேரமும் அவருக்குப் பெரும்பொருளாயிற்று. அதனைக் காத்தலையே ஒரு நெறியாக வகுத்தார்.

மூன்றாம் நெறிக்குச் சான்று வேண்டுமா? கும்பகோணத்திலே 1903-ஆம் ஆண்டளவில், பதினைந்து பதினாறு அகவையுடைய ஓர் ஏழை மாணவன் கைக்கு ஒரு கணக்கு நூல் வந்தது. கார் என்பவர் தொகுத்த தேற்றத் தொகுப்பு அது. பெரும்புகழ் பெற்ற நூலன்று. தேர்வுக்குப் பயிலும் மாணவர்க்குத் துணையாகத் தொகுக்கப்பட்டது. ஆனால் அந்நூல் தனக்குரிய படிப்பவனை அங்கே கண்டுகொண்டது. அம்மாணவனே கணக்கியல் உலகை வியக்கச் செய்த இராமானுசன்! அந்நூல் பூட்டிய பேழையில் இருந்திருப்பின் என்னாகியிருக்கும்? இராமானுசனின் வாழ்க்கையை 1967-இல் நூலாக எழுதியவர் அரங்கநாதனாரே என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி, அவருடைய வகைப்பாட்டு முறை. இலண்டனில் ஒரு பெருங்கடையிலே மெக்கானோ என்னும் குழந்தை விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில பட்டைகள், சில சக்கரங்கள், சில திருகாணிகள். இவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் புதிய புதிய பொருள்கள் உருவாகின்றன. அறிவுத் துறைகளையும் இவ்வாறே கூறுகளாகப் பகுத்து, வேண்டியவாறு சேர்த்து, எத்தகைய நூலுக்கும் இடம் காணலாமே என்னும் எண்ணம் பளிச்சிட்டது. அதன் விளைவே 1933-இல் வெளிவந்த முக்காற்புள்ளி வகைப்பாடு. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அப்பெயர் பெற்றது. பின்னர் அக்கூறுகளைத் தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தில் அடக்கினார்.

இடமும் காலமும் என்றதும் தமிழ் பயின்றோர் செவி கூர்மையாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததன்றோ! கருப்பொருள், உரிப்பொருள் என மேலும் பகுத்து, மாந்தர் வாழ்வு முழுவதையும் திணைகளில் அடக்கிய மரபு நம்முடையது. அரங்கநாதனார் அதனின்று எடுத்தார் என்று சொல்வது பொருந்தாது. சான்றில்லாப் பெருமை தமிழுக்கு வேண்டுவதுமில்லை. ஆனால் எதையும் வகைப்படுத்தி அறியும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று என்று துணிந்து கூறலாம்.

நூலகத்திற்கு வருவோர்க்கு நூல் கிடைக்கும், வர இயலாதார்க்கு? அவர் ஐந்நெறி நூல் வெளிவந்த அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபையார் என்னும் பொறியாளரின் முயற்சி அது. நெல் ஏற்றிய வண்டியையும் வைக்கோல் ஏற்றிய வண்டியையும் கண்டு பழகிய சிற்றூர் மக்கள், நூல் ஏற்றி வந்த வண்டியை அன்று கண்டனர். படிப்பவர் நூலைத் தேடி வருதலோடு, நூலும் படிப்பவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ?

தனியொருவர் அன்பும் தனியொருவர் வள்ளன்மையும் மட்டும் நூலகங்களை நிலைநிறுத்த மாட்டா. சட்டம் வேண்டும் என்பதையும் அரங்கநாதனார் உணர்ந்திருந்தார். 1928-இல் சென்னை நூலகக் கழகம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகச் சட்டத்திற்கு ஒரு முன்வரைவை அளித்தார். விதை முளைக்கப் பதினெட்டு ஆண்டுகளாயின. 1948-இல், அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியோடு ஒரு சிறு பங்கு நூலகத்திற்கு எனச் செலுத்துகின்றோமே, அதன் வேர் அச்சட்டத்தில் உள்ளது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூரிலே ஓர் உழவன் மகன் கட்டணமின்றி நாளிதழ் படிக்கின்றான் என்றால், அவ்வூருணிக்குக் கால்வாய் வெட்டியவருள் சீர்காழி மகனார் ஒருவர்.

அவர் வாழ்வில் கசப்பும் உண்டு. இருபதாண்டுகள் தம் உயிரெனக் காத்த சென்னை நூலகத்தை, மேலிடத்தோடு நேர்ந்த கருத்து வேறுபாட்டால் விட்டு நீங்க நேர்ந்தது. ஐம்பதைக் கடந்த அகவையில் உள்ளம் உடைந்து சோர்ந்திருந்தார். பிறர் ஆயின் அத்துடன் ஓய்ந்திருப்பர். அவரோ 1945-இல் காசிப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓரிலக்கம் நூல்களை ஒன்றரை ஆண்டில் தனியொருவராகவே வகைப்படுத்தி முடித்தார்! துயரை வெல்ல அவர் கண்ட மருந்து உழைப்பு. பின்னர்த் தில்லியிலும் உச்சயினியிலும் பணியாற்றினார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நடுவம் தோன்ற வழிகோலினார். இந்திய அரசு 1965-இல் அவரை நாட்டு ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது.

அவர் சேர்த்த பொருள் யாது? எளிய வாழ்வால் மிச்சப்படுத்திய ஓரிலக்கம் உருபாவை, நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்தார். தம்மை வருத்தி வெளியேறச் செய்த இடத்திற்கே வாழ்நாள் ஈட்டத்தைக் கொடுக்க எத்தகைய உள்ளம் வேண்டும்! அவ்விருக்கைக்குத் தம் பெயரோடு தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரையும் சேர்த்து வைத்தார். பகலும் இரவும் நூலகத்திற்கே தம்மைத் தந்த கணவரைப் பொறுத்துக்கொண்டவர்க்கு அவர் செலுத்திய நன்றி அது. 1972 செப்டம்பர் 27-இல் பெங்களூரில் அவர் மூச்சு அடங்கியது.

அவையோரே, புகழ்ந்து பேசிக் கலைந்து செல்வது எளிது. இங்கே இரண்டு உண்மைகளை மறையாமல் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: அரங்கநாதனார் தம் பெருநூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். உலகறிய எழுதினார், குற்றமில்லை. ஆனால் சீர்காழியில் பிறந்த அறிவைச் சீர்காழிச் சிறுவன் தன் தாய்மொழியில் பயில வேண்டாமா? லைப்ரரி என்றும் வாசகசாலை என்றும் வழங்கிய நாட்டிலே நூலகம் என்னும் செந்தமிழ்ச் சொல் வேரூன்றிவிட்டது. பெயர்ப்பலகை தமிழானால் போதுமா? அத்துறையின் அறிவும் தமிழாதல் வேண்டும். அது மறைந்தவர் விட்ட குறையன்று. இருப்பவர் ஆற்றவேண்டிய கடமை.

இரண்டாவது, இன்னும் கசப்பானது. தமிழ் தமிழ் என்று முழங்கும் இல்லங்களிலே, கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கப்பட்ட தமிழ்நூல்கள் எத்தனை! கேட்டவர்க்குக் கொடுத்தவை எத்தனை? ஒரு புலவர் வாழ்நாளெல்லாம் வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்த நூல்கள், அவர் மறைந்த ஆண்டே பழந்தாள் கடையில் எடைக்குப் போவதைக் காணாத ஊர் உண்டா? மேடையில் தமிழை வாழ்த்திவிட்டு வீட்டில் தமிழ்நூலைப் பூட்டி வைப்போர்க்கும், சுவடியைப் பேழையிலே செல்லரிக்க விட்ட முன்னோர்க்கும் வேறுபாடு யாது? மொழி வாழ்வது முழக்கத்தால் அன்று, படிப்பவரால். படிப்பவன் ஒருவன் குறைந்தால் தமிழின் உயிர்மூச்சு ஒன்று குறைந்தது என்று பொருள்.

ஆதலின், அரங்கநாதனார்க்குச் செய்யும் நினைவுக்கடன் மாலையும் படமும் அல்ல. இன்றிரவு இல்லம் சென்றதும் நூற்பேழையைத் திறந்து பாருங்கள். ஈராண்டாகத் தொடாத நூல் எதுவோ, அதனை அதற்குரிய ஒருவர் கையில் சேர்த்திடுங்கள். ஊர் நூலகத்திற்குக் கிழமைக்கு ஒருமுறையேனும் செல்லுங்கள். செல்லும்போது ஒரு சிறுவனையோ சிறுமியையோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். வாழ்நாள் ஈட்டமான நூல்கள் யாரைச் சேரவேண்டும் என்பதை இருக்கும்போதே எழுதி வையுங்கள். நூலகரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். குறைந்த ஊதியத்தில் நிறைந்த உள்ளத்தோடு ஊருணி காப்பவர் அவர்.

ஆபுத்திரன் பொய்கையில் விட்ட அமுதசுரபி அங்கேயே அழிந்துவிடவில்லை. பின்னொருநாள் அது மணிமேகலை கையை அடைந்தது. பசித்தவர் கூட்டம் உண்டு மகிழ்ந்தது. பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு தமிழ்நூலும் தனக்குரிய கைக்காகக் காத்துக் கிடக்கின்றது. அக்கையைத் தேடித் தருவோர் யாவரோ, அவரே அரங்கநாதனாரின் வழிவந்தோர்.

பேழைகள் திறக்க! படிப்போர் பெருகுக! வாழ்க தமிழ்!